காக்கி போடும் முன் மனதையும் அளக்க வேண்டாமா?

விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். அதே நேரத்தில் வடக்குப்பட்டு, வைப்பூர், மாத்தூர் பக்கமெல்லாம் சாலையோரத்தில் நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் சிலர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காமல் நேராக ஓட வந்தவர்கள். காண்ட்ராக்ட் வேலை எத்தனை மாதம் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. காவலர் வேலை கிடைத்தால் குடும்பமே நிமிர்ந்துவிடும் என்பது மட்டும் தெரியும். 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஓட்டம்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இந்தப் பிள்ளைகளை எப்படியெல்லாம் அளக்கிறது என்று பாருங்கள். ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பு 81 சென்டிமீட்டர். மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். கயிறு ஏறவேண்டும், தாண்டவேண்டும், ஓடவேண்டும். பிறகு மருத்துவப் பரிசோதனை. அதன் பிறகு, மேலே ஏதாவது வழக்கு உண்டா என்று விசாரணை.

உடலை அளக்கிறார்கள், அறிவை அளக்கிறார்கள், பழைய வழக்கைத் தேடுகிறார்கள். லத்தியையும் வழக்குப் போடும் அதிகாரத்தையும் கையில் வாங்கப்போகிற ஒருவரின் மனதில் சாதி எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அளக்கிறார்களா? இந்த வாரம் நாம் பேசப்போவது அதைத்தான்.

உளவியல் என்ற பெயரில் எண் தொடர்

'அதற்குத்தான் உளவியல் பகுதி இருக்கிறதே' என்று யாராவது சொல்லலாம். இருக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அதில் பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. அதற்கு முன் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என மூன்று வேலைக்கும் இதுவே பொதுத் தேர்வு.

அந்த உளவியல் பகுதியில் என்ன கேட்கிறார்கள் என்று தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் சிரிப்பார்கள். 2, 6, 12, 20 என்ற வரிசையில் அடுத்து வரும் எண் எது? ராமுவின் தந்தையின் ஒரே மகளுக்கு ராமு என்ன உறவு? கடிகாரத்தில் இரண்டு முள்ளும் எப்போது நேர்க்கோட்டில் வரும்? தர்க்கம், கணக்கு, தகவலைக் கையாளும் திறன் ஆகியவற்றைச் சோதிக்கும் கேள்விகள் இவை. வேலைக்குத் தேவையான திறமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இதில் உளவியல் எங்கே இருக்கிறது? எண் தொடரை நொடியில் போடுகிறவர், நடுராத்திரியில் காலனியிலிருந்து அழுதுகொண்டு வரும் ஒரு பெண்ணை உட்காரச் சொல்வாரா, விரட்டுவாரா என்பதை இந்த 25 கேள்விகள் காட்டித்தராது.

நம் நாட்டுக்கு மனச் சோதனை தெரியாது என்றும் சொல்ல முடியாது. ராணுவ அதிகாரி ஆக விரும்புகிறவரை ஐந்து நாள் உட்காரவைத்து, படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, சொல்லைக் காட்டி மனதில் தோன்றுவதை எழுதச் சொல்லி, உளவியலாளர்கள் சோதிக்கிறார்கள். ரயில் ஓட்டுநர் வேலைக்கும் கணினி வழியே தனியாக ஒரு திறனறிச் சோதனை உண்டு. ரயிலை ஓட்டுகிறவரின் கவனம் சிதறினால் பயணிகளின் உயிருக்கு ஆபத்து என்பது அரசுக்குப் புரிகிறது. காவல் நிலையத்தில் உட்காருகிறவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு தெருவே பாதிக்கப்படும். அது இன்னும் புரியவில்லை.

இது நேற்று வந்த புகார் அல்ல

நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கம், கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் போனார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று இருவரும் கையெழுத்திட்டு ஒரு கோரிக்கை மனு கொடுத்தார்கள். அரசுப் பணிகளில் போதிய இடம் வேண்டும் என்பது அதில் ஒன்று. வேலை இல்லாதவருக்கு வேலை வேண்டும் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. உயர்சாதி அதிகாரிகள் சட்டத்தையும் தங்களுக்குள்ள விருப்புரிமையையும் நமக்கு எதிராகத் திருப்புகிறார்கள். அதனால் நம் மக்கள் துன்பப்படுகிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

விருப்புரிமை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புகாரை எஃப்.ஐ.ஆர். ஆக்குவதா, மனு ரசீதோடு நிறுத்துவதா? யாரை முதலில் கூப்பிட்டு விசாரிப்பது? 'ராசியாகிப் போங்க' என்று சொல்வதா? எதிர்த் தரப்பிடமிருந்தும் ஒரு புகாரை வாங்கி, இரண்டு பக்கமும் வழக்குப் போடுவதா? திருட்டு நடந்தால் முதலில் எந்தத் தெருவுக்குள் போவது? சட்டம் இதையெல்லாம் வரி வரியாகக் கட்டுப்படுத்தினாலும், அந்த நேரத்தில் முடிவெடுப்பது அங்கே இருக்கும் மனிதரின் மனம்தான்.

இந்த மனம் தானாக வந்ததும் அல்ல. 1871-ல் வெள்ளையர் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பைப் பார்த்தே குற்றவாளி என்று முடிவு செய்யலாம் என்று காவல்துறைக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்தச் சட்டம் விடுதலைக்குப் பின் நீங்கியது. பழக்கம் முழுதாக நீங்கவில்லை. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதைக்குள்ளாகி உயிரிழந்த ராசாக்கண்ணுவின் கதையை 'ஜெய் பீம்' படத்தில் எல்லோரும் பார்த்தோம். அவர் மனைவி பார்வதிக்காக அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர் கே.சந்துரு, பிறகு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1992 ஜூன் 20 அன்று, தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் மலைவாழ் மக்கள் மீது நடந்ததை நாடே அறியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பானது. 126 பேர் வனத்துறை, 84 பேர் காவல்துறை, 5 பேர் வருவாய்த் துறை. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த 215 பேரும் ஏதோ ஒரு தேர்வில் தேறி, உடல் தகுதி பெற்று, நன்னடத்தைச் சான்றோடு அரசு வேலைக்கு வந்தவர்கள்தான். சீருடை போட்ட அத்தனை பேரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகளே ஆயிரக்கணக்கில் அந்தச் சீருடையில் இருக்கிறார்கள். ஆனால் சல்லடையில் ஓட்டை இருக்கிறது என்பதற்கு வாச்சாத்தியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

2019-ல் வெளியான இந்தியக் காவல் நிலை அறிக்கைக்காக, 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12 ஆயிரம் காவலர்களிடம் கருத்துக் கேட்டார்கள். சிறிய குற்றங்களுக்கு வழக்கு விசாரணை எதற்கு, காவலரே சின்ன தண்டனை கொடுத்துவிடலாம் என்று 37 விழுக்காட்டினர் சொன்னார்கள். முஸ்லிம்கள் இயல்பாகவே குற்றம் செய்யக்கூடியவர்கள் என்ற எண்ணம் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருந்தது. ஆக, மனதில் இருப்பதைக் கேட்டு வாங்க முடியும். வேலையில் சேர்ந்த பிறகு கேட்டதை, சேர்வதற்கு முன் கேட்டால் என்ன?

சட்டம் 30 ஆண்டுக்கு முன்பே சொன்னது

இப்படிக் கேட்பது புதுக் கோரிக்கை அல்ல. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1995-ல் விதிகள் வகுத்தார்கள். அதில் இரண்டு விதிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

7-ஆவது விதி, வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது. அது நம்மில் பலருக்கும் தெரியும். அந்த அதிகாரியை நியமிக்கும்போது அவருடைய முன் அனுபவத்தையும், திறமையையும், நீதியுணர்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அது பலருக்குத் தெரியாது.

13-ஆவது விதி இன்னும் தெளிவு. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளில் நியமிக்கப்படும் அதிகாரிகளுக்கும் பணியாளர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பிரச்சினைகள் குறித்துச் சரியான மனப்பாங்கும் புரிதலும் இருப்பதை மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும். காவல் நிலையம் வரை எல்லா மட்டத்திலும் நம் மக்களுக்குப் போதிய இடம் இருக்க வேண்டும்.

மனப்பாங்கை உறுதிசெய் என்று சட்டமே சொல்கிறது. அளக்காமல் எப்படி உறுதிசெய்வது? உயரத்தை அளந்து பார்க்காமல் 167 சென்டிமீட்டர் என்று யாராவது எழுதிக்கொள்வார்களா?

இதைச் சட்டமாகவே செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா மாகாணம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காவல் பணிக்கு வருகிறவரை உரிமம் பெற்ற உளவியலாளர் அல்லது மனநல மருத்துவர் பரிசோதிப்பது அங்கே முன்பே இருந்தது. இனம், பாலினம், நாடு, மதம், மாற்றுத்திறன், பாலின ஈர்ப்பு ஆகியவை குறித்த பாரபட்சம் அவரிடம் உண்டா என்பதையும் அந்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும் என்று புதிய சட்டம் சேர்த்தது. ஒரே ஒரு வினாத்தாளை நம்பி இதைச் செய்வதில்லை. எழுத்துச் சோதனை, பின்னணி விசாரணை, நேர்முகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் சாதி இல்லை. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய அதே மாகாணத்தின் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையும் 2023 அக்டோபரில் ஆளுநர் திருப்பி அனுப்பிவிட்டார். எனவே அவர்களின் வினாத்தாளை அப்படியே இங்கே எடுத்துப் போட்டால் நமக்குப் பயன்படாது. நம் ஊருக்கான கேள்வியை நாம்தான் எழுத வேண்டும்.

சல்லடை யார் கையில்?

இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மனச் சோதனை என்றதும் கைதட்டிவிட முடியாது.

முதல் சிக்கல், பொய். 'நீங்கள் சாதி பார்ப்பீர்களா?' என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று எழுதப்போவதில்லை. சரியான விடை எது என்று பயிற்சி மையத்தில் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மனதில் ஒளிந்திருப்பதை விரல் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் கணினிச் சோதனை ஒன்றை 1998-ல் அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கினார்கள். தனி ஒரு மனிதரைப் பற்றி முடிவெடுக்க அது போதாது என்று அவர்களே பிறகு எச்சரித்தார்கள்.

இரண்டாவது சிக்கல் நமக்கு இன்னும் ஆபத்தானது. சோதிக்கிறவர் யார்? அவர் மனதை யார் அளந்தது? எழுத்துத் தேர்வில் விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. நேருக்கு நேர் உட்காரவைத்து 'இவன் முரட்டுத்தனமாகப் பேசுகிறான்', 'இவளுக்குத் தாழ்வு மனப்பான்மை' என்று எழுதும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்தால், முதலில் கழிக்கப்படுவது நம் பிள்ளையாகவே இருக்கலாம். சாதி வெறியனைப் பிடிக்க வைத்த சல்லடை, தலித் மாணவரைப் பிடித்துவிடும்.

இந்தப் பயம் வீண் அல்ல. இப்போது உள்ள சல்லடையே அப்படித்தான் இருக்கிறது. காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று உண்டு. குற்ற வழக்கில் தொடர்புடையவருக்குக் காவலர் வேலை கிடையாது. நீதிமன்றம் 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுதலை செய்திருந்தாலும், தொடர்புடையவராகவே கருதப்படுவார். உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008-ல் இதை ஏற்றது.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஊரில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். திருவிழாவில் தகராறு. காலனிப் பிள்ளைகளை அடித்துவிட்டார்கள். நாம் புகார் கொடுக்கிறோம். மறுநாள் எதிர்த் தரப்பும் ஒரு புகார் கொடுக்கிறது. இரண்டும் பதிவாகிறது. நம் பக்கம் கூட்டத்தில் நின்ற பத்துப் பெயரையும் சேர்த்துவிடுகிறார்கள். அதில் ஒருவன் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. நாலைந்து ஆண்டு கழித்து வழக்கு ஒன்றுமில்லாமல் போகும். அதற்குள் அவன் வயது வரம்பு போயிருக்கும், அல்லது சான்று சரிபார்ப்பில் பெயர் அடிபட்டிருக்கும். ஆனால் எந்த வழக்கும் இல்லாமல், தினமும் செல்போனில் அடுத்த சாதியை வெட்டுவேன் குத்துவேன் என்று பாட்டுப் போட்டுப் பதிவிடுகிறவன் எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போய்விடுகிறான். இன்றைய சல்லடை வழக்கைப் பார்க்கிறது, மனதைப் பார்ப்பதில்லை.

செய்யக் கூடியது என்ன?

வழி நம் மாநிலத்திலேயே பிறந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறுக்குத் தடை கேட்டதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதிகம் பேசப்படாத பரிந்துரை ஒன்று உண்டு. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போது சமூக நீதி குறித்த அவர்களின் மனப்பாங்கை அறிந்து, நியமனத்துக்கு அதையும் ஒரு வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்பதே அது.

சாக்பீஸ் பிடிப்பவருக்கு அது தேவை என்றால், லத்தி பிடிப்பவருக்குத் தேவை இல்லையா? சிறைக் காவலருக்கும் தேவைதான். கைதிகளைச் சாதி பார்த்து வேலை வாங்குவதும் பிரித்து அடைப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று சொன்ன தீர்ப்பில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது.

எனவே நாம் கேட்பது இவ்வளவுதான். உளவியல் பகுதியின் 25 கேள்விகளில் ஒரு பங்காவது சூழ்நிலைக் கேள்விகளாக இருக்கட்டும். 'இரவு பத்து மணிக்கு ஒரு பெண் வன்கொடுமைப் புகாருடன் வருகிறார். எதிரி உங்களுக்குத் தெரிந்த ஊர்ப் பெரியவர். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?' விடையை மனப்பாடம் செய்துதான் எழுதுவார்கள். எழுதட்டும். மனப்பாடம் செய்யவாவது சட்டத்தை ஒருமுறை படிப்பார்கள் அல்லவா?

பின்னணி விசாரணையில் வழக்கு உண்டா என்பதோடு, சாதி வெறியைப் பொதுவெளியில் பரப்பியது உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஒருவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதைவிட, அவர் செய்ததையும் சொன்னதையும் பார்ப்பது நம்பகமானது. எதிர் வழக்கில் பெயர் சேர்க்கப்பட்ட ஒரே காரணத்துக்காக யாரையும் கழிக்கக் கூடாது. உளவியலாளரை வைத்து நேர்முகம் நடத்துவதாக இருந்தால், அந்தக் குழுவில் பட்டியல் சாதியினரும் பெண்களும் இருக்க வேண்டும். நடந்தது பதிவாக வேண்டும். கழித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாமல் மனச் சோதனை வந்தால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்களும் நாம்தான்.

சோதனை ஒருநாள் வேலையாகவும் நின்றுவிடக் கூடாது. நல்ல மனதோடு உள்ளே போகிறவரையும் காவல் நிலையத்துப் பழக்கம் மாற்றிவிடும். வேலையில் சேர்ந்து ஐந்து, பத்து ஆண்டு ஆனவர்களையும், பதவி உயர்வுக்கு நிற்கிறவர்களையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும்.

அதுவரை?

சல்லடை சரியாகும்வரை சட்டத்தைத் தெரிந்துவைப்பதே நமக்குப் பாதுகாப்பு. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, படித்துக்காட்டி, பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை உடனே தரவேண்டும். 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாவிட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. நிலையத்தில் வாங்க மறுத்தால், புகாரை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். 14566 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொல்லிவையுங்கள்.

விடியற்காலையில் ஓடும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கு அந்தச் சீருடையைப் போட்டு, ஏதோ ஓர் ஊர்க் காவல் நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்காரலாம். இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் வருவார். வடநாட்டிலிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த ஒரு பையன், மொழி தெரியாமல் நிற்பான். அன்றைக்கு உங்கள் மனமும் அளக்கப்படும். அந்தத் தேர்வுக்கு வாரியம் இன்னும் வினாத்தாள் அச்சடிக்கவில்லை. நீங்கள் இப்போதே படிக்கத் தொடங்கலாம்.